ஈஸ்னோபீலியா முதல் ஒரு வருஷ மாத்திரை வரை

(முன்னாள் மாணவர், மெக்கானிக்கல், 2006–2010)



மலர்க்குழுவினர் என்னிடம் ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டார்கள். திருச்செந்தூர்க் கோயில், தாமிரபரணிக் கரை ஊர்கள், வ.உ.சி.யின் கப்பல் என்று எழுதலாம்தான். ஆனால் அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுதுகிற பேராசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஒரு இன்ஜினியருக்கு அங்கே வேலை இல்லை. நான் எடுத்துக்கொண்டிருப்பது இருமலின் வரலாறு. சிரிக்க வேண்டாம். மதனப்பள்ளி, வேலூர், சென்னைச் சேத்துப்பட்டு என்று நம்ம பக்கத்து ஊர்கள் வழியாகவே போகிற வரலாறுதான் இதுவும்.

நாற்பது வயதைத் தாண்டிய நம் பகுதிக்காரர் யாரைக் கேட்டாலும் ‘ஈஸ்னோபீலியா’ என்ற சொல் தெரியும். ஆஸ்துமா என்று வாயால் சொல்லத் தயங்கிய வீடுகளில்கூட ஈஸ்னோபீலியா என்று தாராளமாகச் சொன்னார்கள். ஆஸ்துமா என்றால் பெண் தரமாட்டான். ஈஸ்னோபீலியா என்றால் ‘மூணு வாரம் மாத்திரை, சரியாப் போவும்.’ என் தாய்மாமா ஒருவர் அந்தக் காலத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு இருமத் தொடங்கினால் விடிய விடிய இருமுவாராம். சுக்குக் கருப்பட்டிக் காப்பி, தூதுவளை ரசம், ஆடாதொடைக் கஷாயம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, ஹெட்ரசான் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். தலை கிறுகிறுக்கும், வாந்தி வரும். ஆனாலும் இருமல் நின்றது. இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. தமிழ்நாட்டில் பல வீடுகளின் கதை.

இந்த மாத்திரையின் வரலாற்றைத் தேடிப் போனதில் ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. மருந்து கிருமியைக் கொல்கிறது, நோய் போகிறது என்றுதான் நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆனால் மூச்சுக்குழாயில் சண்டை போடுகிறவை கிருமியும் மருந்தும் மட்டுமல்ல. நம் சொந்த ரத்தச் செல்களும் அங்கே நிற்கின்றன. நீண்ட நாள் மருந்து சாப்பிட்டால் அந்தச் செல்கள் என்ன ஆகின்றன? சண்டை முடிந்ததும் வீடு திரும்புகின்றனவா, இல்லை அங்கேயே முகாம் போட்டு வீட்டையே இடிக்கின்றனவா?

முதலில் செல்களைப் பற்றி நாலு வரி. ரத்த வெள்ளையணுக்களில் பல வகை உண்டு. 1879இல் ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக், ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரு வகையைப் பிரித்துக் காட்டினார். அதுதான் ஈஸ்னோபில். அதன் வயிற்றுக்குள் இருக்கும் சிவப்புத் துகள்கள் புழுக்களைத் தாக்கும் நச்சுப் புரதங்கள். நியூட்ரோபில் இன்னொரு வகை. பாக்டீரியா வந்தால் முதலில் ஓடிவரும் காலாட்படை இது. மூன்றாவது மேக்ரோபேஜ். நுரையீரலின் காற்றறைகளில் நிரந்தரமாகக் குடியிருந்து, தூசி, கிருமி, செத்த செல் எல்லாவற்றையும் விழுங்கித் துப்புரவு செய்வது. நல்ல நுரையீரலைக் கழுவிப் பார்த்தால் வருகிற செல்களில் பெரும்பகுதி மேக்ரோபேஜ்தான். ஈஸ்னோபில் நூற்றுக்கு ஒன்று இருந்தால் அதிகம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கதை தொடங்குவது மதனப்பள்ளியில். இன்று ஆந்திரப் பிரதேசம்; அன்று சென்னை மாகாணம். ‘ஜன கண மன’வைத் தாகூர் 1919இல் ஆங்கிலத்தில் ஆக்கியது இந்த ஊரில்தான் என்பது ஒரு உபரித் தகவல். அங்கே ஆரோக்கியவரம் என்ற இடத்தில் டென்மார்க் நாட்டு டாக்டர் ஃப்ரிமோட் மொல்லர் 1915 முதல் காசநோய்ச் சானடோரியம் ஒன்றை நடத்திவந்தார். தென்னிந்தியா முழுவதிலுமிருந்து சளியும் காய்ச்சலுமாக நோயாளிகள் அங்கே போவார்கள். அவர்களில் சிலரிடம் ஒரு விசித்திரம். எக்ஸ்ரேயில் நுரையீரல் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் காசநோய் போலவே தெரியும். சளியில் காசநோய்க் கிருமி கிடைக்காது. ரத்தத்தில் மட்டும் ஈஸ்னோபில் எக்கச்சக்கமாக இருக்கும். ஃப்ரிமோட் மொல்லரும் பார்ட்டனும் 1940இல் ‘இந்தியன் மெடிக்கல் கெஜட்’டில் இதைக் காசநோய் வேஷம் போடும் ஒரு நோய் என்று எழுதினார்கள். காசநோய் என்ற சொல்லுக்கு அன்று என்ன அர்த்தம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். அப்போது ஸ்ட்ரெப்டோமைசின் கிடையாது. ஒரு மனிதனைக் குடும்பத்திலிருந்து பிரித்து, மலைக்காற்றில் கட்டிலில் கிடத்தி, மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். ஈஸ்னோபில் எண்ணிக்கை என்ற ஒரு சின்னக் கணக்கு, சிலரையாவது அந்தத் தண்டனையிலிருந்து மீட்டது.

1943இல் வைன்கார்டன் என்ற டாக்டர், இந்தியாவில் தான் பார்த்த 81 நோயாளிகளைப் பற்றி லண்டன் ‘லான்செட்’ இதழில் எழுதி, இதற்கு ‘டிராபிகல் ஈஸ்னோபீலியா’ என்று பெயர் வைத்தார். நம் வீட்டுப் பாட்டிகள் வாயில் புழங்கிய சொல் அங்கிருந்து வந்ததுதான். மருந்தையும் அவரே கண்டுபிடித்தார், தற்செயலாக. ஒரு நோயாளிக்குச் சிபிலிஸ் நோயும் சேர்ந்து இருந்தது. அதற்காக ஆர்சனிக் கலந்த ஊசி போட, இருமலும் நின்றுவிட்டது! ஆர்சனிக் என்றால் நம் ஊர்ப் பாஷாணம். மருந்து வேலை செய்தது. ஆனால் நோய்க்குக் காரணம் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை.

பாஷாணத்துக்குப் பதிலாக நல்ல மருந்து வந்த வழியில் நம் மாகாணத்துக்காரர் ஒருவர் நிற்கிறார். எல்லாப்பிரகட சுப்பாராவ், 1895இல் பீமாவரத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியின் பேச்சைக் கேட்டுக் கதர்க் கோட்டுப் போட்டதால் வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு ஆகாமல் போய், முழு எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதற்கும் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது என்பார்கள். அமெரிக்கா போனார். ஹார்வர்டில் இருந்தபோது உடலின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.யைக் கண்டறிந்தவர்களில் ஒருவரானார். 1940இல் லெடர்லி கம்பெனியில் சேர்ந்து, பின்னர் அதன் ஆராய்ச்சிக்குத் தலைமை ஏற்றார். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களுக்கு யானைக்கால் நோய்ப் புழு தொற்றியதால், அதற்கு மருந்து தேடுகிற அவசரம் வந்தது. சுப்பாராவின் குழு 1947இல் வெளியிட்ட மருந்து டைஎதில்கார்பமசின். வணிகப் பெயர் ஹெட்ரசான். என் மாமா விழுங்கிய அதே மாத்திரை. ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக் வந்ததும் அவர் தலைமையில் இருந்த ஆராய்ச்சிக்கூடத்திலிருந்துதான். 1948இல் ஐம்பத்து மூன்று வயதிலேயே காலமானார். இவருடைய படம் நம் கல்லூரிகளில் மாட்டப்படாதது எனக்கு ஒரு மனக்குறை.

அந்த மாத்திரையில் ஒரு புதிர் இருந்தது. லண்டனில் ஃபிராங்க் ஹாக்கிங் என்ற ஒட்டுண்ணி ஆராய்ச்சியாளர் 1950இல் அதைச் சோதித்தார். (ஆம், சக்கர நாற்காலி விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கின் தகப்பனார்தான்.) கண்ணாடிக் குழாயில் புழுக் குஞ்சுகளைப் போட்டு, மருந்தையும் ஊற்றினால் அவை சாவதில்லை, நெளிந்துகொண்டே இருக்கின்றன. உடம்புக்குள் மருந்து போனால் மட்டும் ரத்தத்திலிருந்து மளமளவென்று மறைகின்றன. அப்படியென்றால் கொல்வது மருந்து மட்டுமல்ல. மருந்து புழுவைக் காட்டிக்கொடுக்கிறது. பிடித்து விழுங்குவது நம் செல்கள். மருந்தும் செல்லும் கூட்டாகத்தான் வேலை பார்க்கின்றன என்ற சேதி, என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றின் முதல் திருப்பம்.

யானைக்கால் மாத்திரை இருமலுக்கு எப்படி வந்தது? 1950களில் சிங்கப்பூரில் இருந்த டாக்டர் டி.ஜே. தனராஜ் (பின்னாளில் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் பீடத்தின் முதல் டீனானவர்) ஈஸ்னோபீலியா நோயாளிகளுக்கு ஹெட்ரசான் கொடுத்துப் பார்த்து, அது கேட்கிறது என்று 1958இல் விரிவாக எழுதினார். யானைக்கால் மருந்து கேட்கிறது என்றால் யானைக்கால் புழுதானே காரணமாக இருக்க வேண்டும்? ஆனால் இந்த நோயாளிகளின் ரத்தத்தை ராத்திரியில் எடுத்துப் பார்த்தாலும் புழு தெரியாது. முடிச்சை அவிழ்த்தது வேலூர். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வெப், ஜாப், கால்ட் மூவரும் நோயாளிகளின் நுரையீரல், ஈரல், நெறிக்கட்டி ஆகியவற்றிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் தேடினார்கள். அங்கே கிடந்தன புழுக் குஞ்சுகள். சுற்றிலும் ஈஸ்னோபில் கூட்டம். 1960இல் ‘லான்செட்’டில் இது வெளியானது. கொசு கடிப்பதால் உடலுக்குள் வரும் புழுதான்; ஆனால் இவர்கள் உடம்பு அந்தப் புழுவை ரத்தத்தில் ஓடவிடாமல் நுரையீரலிலேயே பிடித்து, அளவுக்கு மீறிச் சண்டை போடுகிறது. இருமல் புழுவால் மட்டும் வருவதல்ல, அந்தச் சண்டையால் வருவது.

இனி சேத்துப்பட்டு. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாலும் சேர்ந்து அங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் நடந்த அவர்களின் முதல் ஆய்வு உலகப் புகழ் பெற்றது. நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில் வைத்தார்கள். மறு பாதியைச் சென்னையின் நெரிசலான வீடுகளிலேயே விட்டு, ஒரு வருஷம் மாத்திரை கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவு குணம். குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தும் இல்லை. 1959இல் முடிவு வெளிவந்தபின் உலகம் முழுவதும் சானடோரியங்களின் காலம் முடியத் தொடங்கியது. ஒரு வருஷம் விடாமல் மாத்திரை சாப்பிடுவது சாமானியருக்கு முடிகிற காரியம் என்று உலகத்துக்குக் காட்டியது, சொல்லப்போனால், நம்ம சென்னைக் கூலித் தொழிலாளர்கள்தாம்.

இதே நிறுவனத்தில்தான் 1980களில் டாக்டர் வி.கே. விஜயன், டாக்டர் வி. குமாரசாமி ஆகியோரும் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவன விஞ்ஞானிகளும் சேர்ந்து, ஈஸ்னோபீலியா நோயாளிகளின் நுரையீரலுக்குள்ளேயே போய்ப் பார்த்தார்கள். முறை எளிமையானது. வளையக்கூடிய ஒரு குழாயை மூச்சுக்குழாய் வழியே இறக்கி, கொஞ்சம் உப்புநீரைச் செலுத்தி, உடனே உறிஞ்சி எடுப்பது. அந்தக் கழுவுநீரில் என்னென்ன செல் எத்தனை என்று எண்ணுவது. தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வடிகட்டியை ‘பேக்வாஷ்’ பண்ணி, வருகிற கலங்கலைப் பார்த்தால் உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். வெளியே ஓடும் தண்ணீரை மட்டும் பார்த்தால் தெரியாது. அதுபோல ரத்தத்தில் எண்ணுவது வேறு. நோய் நடக்கிற இடத்தில் எண்ணுவது வேறு.

கண்டது என்ன? நூற்றுக்கு ஒன்றுகூட இருக்கக் கூடாத ஈஸ்னோபில், இவர்கள் நுரையீரலில் ஏறக்குறைய பாதி! அதுவும் சும்மா நிற்கவில்லை. மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் அவற்றின் நச்சுத் துகள்கள் கரைந்து வெளியேறிக்கொண்டிருந்தன. ஹெட்ரசான் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் மறுபடி கழுவிப் பார்த்தபோது எண்ணிக்கை விறுவிறுவென்று இறங்கியிருந்தது, மூச்சின் அளவும் கூடியிருந்தது. 1987இல் இது வெளியானது. இத்தோடு நிறுத்தியிருந்தால் சினிமா மாதிரிச் சுபமாக முடிந்திருக்கும். அவர்கள் நிறுத்தவில்லை. வழக்கமான மூன்று வாரச் சிகிச்சையை முடித்து, ‘குணமாகிவிட்டது’ என்று வீட்டுக்குப் போனவர்களையும் பிறகு கூப்பிட்டுக் கழுவிப் பார்த்தார்கள். அவர்களில் பலருக்கு நுரையீரலில் ஈஸ்னோபில்கள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தன; அங்கே இருந்த செல்கள் திசுவை அரிக்கும் ஆக்சிஜன் வேதிப்பொருள்களை இயல்புக்கு மேல் வெளிவிட்டுக்கொண்டிருந்தன. 1990இல் வெளியான இந்த முடிவுதான் என் கேள்விக்குப் பாதிப் பதில். கிருமி போனாலும் செல்களின் கோபம் முழுவதும் போவதில்லை. இருமல் நின்ற மனிதருக்குள் கனல் இருக்கலாம். பல வருஷம் கனன்றால் நுரையீரல் நார் நாராக இறுகிப் போகலாம் என்பது மருத்துவர்கள் முன்பே கண்டது.

இந்த இரண்டாவது ஆய்வு முதல் ஆய்வு அளவுக்குப் பேசப்படாதது வருத்தம்தான். வெற்றியை அறிவித்த பிறகு, வெற்றி பெற்றவனைத் திரும்பக் கூப்பிட்டு ‘உள்ளே எப்படி இருக்கிறாய்’ என்று கேட்கிற பொறுமை எந்தத் துறையிலும் அபூர்வம். எங்கள் தொழிலிலும் மெஷினை ஓடவிட்டுக் கையெழுத்து வாங்கியதும் கிளம்பிவிடுகிறோம்.

மீதிப் பதில் ஜப்பானில் கிடைத்தது, அதுவும் ஏறக்குறைய இதே வருஷங்களில். இங்கே கதை தலைகீழ். 1969இல் ஜப்பானிய மருத்துவர்கள் ஒரு கொடிய மூச்சுக்குழாய் நோயை அடையாளம் கண்டார்கள். நுரையீரலின் மிகச் சிறிய குழல்கள் எல்லாம் வீங்கி, தினமும் டம்ளர் கணக்கில் சளி. கழுவுநீரில் இங்கே கூட்டம் போடுவது ஈஸ்னோபில் அல்ல, நியூட்ரோபில். கூடவே சூடோமோனாஸ் என்ற பிடிவாதமான பாக்டீரியா. 1970களில் நோய் கண்டவர்களில் ஐந்து வருஷம் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 63 பேர்தான். டாக்டர் குடோவின் நோயாளி ஒருவர் திடீரென்று தேறி வந்து நின்றார். விசாரித்தால், வெளியூர் டாக்டர் ஒருவர் அவருக்குக் குறைந்த அளவில் எரித்ரோமைசினை மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்தாராம். எரித்ரோமைசின், பிலிப்பைன்ஸ் நாட்டு டாக்டர் ஆகிலார் 1949இல் அனுப்பிய மண்ணிலிருந்து பிறந்த பழைய ஆன்டிபயாடிக். குடோ அதையே மற்ற நோயாளிகளுக்கும் கொடுத்துப் பார்த்தார். 1985க்குப் பிறகு ஐந்து வருஷ உயிர்வாழ்வு நூற்றுக்கு 91 ஆனது.

ஆச்சரியம் அதுவல்ல. எரித்ரோமைசினுக்குச் சூடோமோனாஸைக் கொல்லும் சக்தி கிடையாது. கொடுத்த அளவும் கிருமியைக் கொல்லப் போதாதது. பல நோயாளிகளின் சளியில் கிருமி அப்படியே இருந்தது. ஆனால் மனிதன் தேறிவிட்டான்! கழுவிப் பார்த்தால் நியூட்ரோபில் கூட்டம் கலைந்திருந்தது. நியூட்ரோபில்களை ‘வா, வா’ என்று கூப்பிடும் ஐ.எல்.-8 என்ற வேதிச் செய்தியும் குறைந்திருந்தது. சேத்துப்பட்டில் புழு போயும் செல்கள் கொஞ்சம் நின்றன. ஜப்பானில் கிருமி நின்றும் செல்கள் கலைந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிருமியும் செல்லின் கோபமும் இரண்டு தனித்தனிக் கணக்குகள்.

இது ஏதோ வெளிநாட்டு விவகாரம் என்று நான் ஒதுக்க முடியாமல் போனதற்கு எங்கள் அப்பா காரணம். இருபதாண்டுகளுக்கு முன் அவருக்குக் காசநோய் வந்து, முழுச் சிகிச்சையும் எடுத்துக் குணமானார். ஆனால் பழைய தழும்பால் மூச்சுக்குழல்கள் விரிந்து தொய்ந்து, அங்கே சளி தேங்குகிறது. இந்தியாவில் இந்த விரிவு நோய்க்கு முதல் காரணமே பழைய காசநோய்தான். 31 மருத்துவ மையங்களில் 2,195 பேரைப் பதிவு செய்து 2019இல் வெளியான ஆய்வில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் அப்படித்தான். வருஷத்துக்கு நாலு தடவை காய்ச்சலும் சளியுமாகப் படுத்துவிடுவார். டாக்டர் அசித்ரோமைசினை வாரம் மூன்று நாள் வீதம் ஒரு வருஷத்துக்கு எழுதினார். நாம் எல்லோரும் தொண்டைக்கட்டுக்கு மூன்று நாள் போடுகிற மாத்திரை. அப்பா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மூணு நாளுக்குப் பதிலா வருஷம்னு தப்பா எழுதிட்டாரோ, கேளுல” என்றார். தப்பில்லை.

அசித்ரோமைசின், எரித்ரோமைசினின் தம்பி. 1980இல் அன்றைய யுகோஸ்லாவியாவின் ஜாக்ரெப் நகரில் பிளிவா கம்பெனியில் உருவானது. இந்த மாத்திரைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. ரத்தத்தில் தங்காமல் வெள்ளையணுக்களுக்குள், முக்கியமாக மேக்ரோபேஜுக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். அதனால்தான் மூன்று நாள் போட்டாலே பல நாள் வேலை செய்கிறது. நாட்பட்ட மூச்சடைப்பு நோய் (பீடி, சிகரெட் புகையாலும் அடுப்புப் புகையாலும் வருவது) உள்ளவர்களின் மேக்ரோபேஜ்கள் மந்தமாகி, செத்த செல்களை அள்ளாமல் விட்டுவிடுகின்றன. குப்பை அழுகி, மேலும் நியூட்ரோபில்கள் வருகின்றன. அசித்ரோமைசின் கொடுத்தால் மேக்ரோபேஜ்கள் மீண்டும் சுறுசுறுப்பாகத் துப்புரவு செய்கின்றன என்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் சாண்ட்ரா ஹாஜின் குழு 2006 முதல் காட்டியது. காலாட்படையைத் திருப்பி அனுப்பி, துப்புரவுக்காரரை எழுப்புகிற வேலை. இந்த மருந்துகள் கிருமிக் கூட்டத்தின் ஒற்றுமையையும் கொஞ்சம் குலைக்கின்றன என்பதால், எந்த வேலை எவ்வளவு பங்கு என்ற வாதம் நிபுணர்களிடையே இன்னும் ஓயவில்லை.

பலன் எவ்வளவு? 2011இல் அமெரிக்காவில் மூச்சடைப்பு நோயாளிகள் 1,142 பேரை வைத்து ஒரு வருஷம் நடத்திய ஆய்வில், தினமும் அசித்ரோமைசின் எடுத்தவர்களுக்கு வருஷத்தில் சராசரி 1.48 தடவை நோய் முற்றியது. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 1.83. விரிவு நோய்க்கு நியூசிலாந்திலும் நெதர்லாந்திலும் நடந்த ஆய்வுகளில் இதைவிடத் தெளிவான பலன். 2017இல் ஆஸ்திரேலியாவில் 420 ஆஸ்துமா நோயாளிகளிடம் 48 வாரம் நடந்ததில் 1.86 என்பது 1.07 ஆக இறங்கியது. ஈஸ்னோபில் அதிகம் உள்ளவர், இல்லாதவர் இரு சாராருக்கும் பலன் இருந்தது. மந்திரம் இல்லை, ஆனால் அடிக்கடி ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கிற மனிதருக்கு இது சின்ன விஷயமும் இல்லை.

விலையையும் சொல்லிவிட வேண்டும். அந்த 2011 ஆய்விலேயே காது கேட்கும் திறன் குறைந்தவர்கள் மருந்துக் குழுவில் நூற்றுக்கு 25, மற்றதில் 20. மூக்கு, தொண்டையில் புதிதாகக் குடியேறிய கிருமிகளைச் சோதித்தபோது, மருந்துக் குழுவில் நூற்றுக்கு 81 பேரிடம் இந்த வகை ஆன்டிபயாடிக்குக்கு அசையாத கிருமி, மற்றவர்களிடம் 41. செல்லை அமைதிப்படுத்தக் கொடுத்த மருந்து, போகிற வழியில் கிருமிக்கும் பயிற்சி கொடுக்கிறது. ஆன்டிபயாடிக்கைச் செல் மருந்தாகப் பயன்படுத்துவதில் உள்ள தீராத சிக்கல் இதுதான். இதய மின்துடிப்பில் ஒருவகைக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆபத்தும் உண்டு. சளியில் காசநோயின் பங்காளிக் கிருமிகள் ஒளிந்திருந்தால், இந்த ஒற்றை மாத்திரை அவற்றைக் கொல்லாமல், மருந்துக்கு மசியாதவையாக ஆக்கிவிடும். அப்பாவுக்கு மாத்திரை தொடங்குமுன் ஈ.சி.ஜி., காதுப் பரிசோதனை, சளிப் பரிசோதனை மூன்றும் எடுத்தார்கள். சளி டப்பாவோடு மூன்று நாள் நடந்தேன். அப்போது எரிச்சலாக இருந்தது. படித்தபிறகு டாக்டர் மேல் மரியாதை கூடியது.

ஆனால் நம் நாட்டில் நடப்பது என்ன? 2019ஆம் ஆண்டு தனியார் மருந்து விற்பனைக் கணக்குப்படி இந்தியாவில் மிக அதிகமாகச் செலவான ஆன்டிபயாடிக் மாத்திரை அசித்ரோமைசின் 500 மில்லிகிராம்தான். வைரஸ் ஜலதோஷத்துக்கும் அதுதான், உடம்பு வலிக்கும் அதுதான். “அண்ணாச்சி, அந்த மூணு மாத்திரை பட்டை ஒண்ணு குடுங்க” என்றால் கைக்கு வந்துவிடுகிறது. ஹாஸ்டலில் இருக்கும் தம்பிகளுக்கு நான் யாரைச் சொல்கிறேன் என்று தெரியும். மூன்று நாள் பட்டையை நாம் வீணடிக்க வீணடிக்க, ஒரு வருஷப் பட்டை உண்மையிலேயே தேவைப்படும் பெரியவர்களுக்கு அது கேட்காமல் போகும்.

ஈஸ்னோபீலியாவின் பிற்காலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹெட்ரசானை 1980களில் காரைக்காலில் உப்பிலேயே கலந்து மக்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். உப்பு விளைகிற நம் பக்கத்தினர் இதைக் கவனிக்கலாம். 1996இல் கடலூர் மாவட்டத்தில் வருஷத்துக்கு ஒரு வேளை எல்லோருக்கும் மாத்திரை கொடுக்கும் திட்டம் சோதனையாக வந்தது. 2004இல் நாடு தழுவியதானது. யானைக்கால் புழு குறையக் குறைய, அந்த ராத்திரி இருமலும் குறைந்தது. சேத்துப்பட்டு மையம் 2011இல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் மாறி அதே இடத்தில் இயங்குகிறது. ஈஸ்னோபில் எண்ணிக்கை மட்டும் புதிய வேலைக்கு வந்திருக்கிறது: மூச்சடைப்பு நோயாளிக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் பலன் தருமா என்று தீர்மானிக்க இன்று டாக்டர்கள் பார்க்கும் எண்களில் அதுவும் ஒன்று.

நியூட்ரோபில் பக்கத்தில் 2025இல் ஒரு புது அத்தியாயம் திறந்திருக்கிறது. மூச்சுக்குழல் விரிவு நோய்க்கென்றே பிரென்சோகாடிப் என்ற மாத்திரைக்கு அமெரிக்கா அந்த ஆகஸ்டில் அனுமதி கொடுத்தது. நியூட்ரோபில்கள் எலும்பு மஜ்ஜையில் உருவாகும்போதே, அவை ஏந்தி வரும் அரிக்கும் நொதிகளைக் கூர்மை பெறாமல் அது தடுத்துவிடுகிறது. படை வருகிறது, கையில் கத்தி மட்டும் மொட்டை. 1,700க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் ஒரு வருஷம் நடத்திய ஆய்வில், நோய் முற்றுவது ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அது ஆன்டிபயாடிக் அல்ல. ஒரு கிருமியையும் அது தொடுவதில்லை.